பட்டறைக்குப் போகும் புதைவடம்

உங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு அப்பால் ஒரு கொட்டகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சிறு பட்டறையாக மாற்ற உங்கள் தந்தை விரும்புகிறார். துளையிடும் எந்திரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று, 2 குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய கடைசல் எந்திரம் ஒன்று. வீட்டிலிருந்து கொட்டகைக்கு 40 மீட்டர் தூரம். அங்கே மின்சாரத்தை எப்படிக் கொண்டு போவது?

கம்பம் நட்டு, மேலே கம்பி இழுக்கலாம். ஆனால் காற்றடித்தால் தென்னை மட்டை அதன்மேல் விழும். மண்ணுக்கடியில் கொண்டு போவதே மேல். "அப்படியானால் ஒரு பள்ளம் தோண்டி ஒயரைப் போட்டு மூடிவிட வேண்டியதுதானே?" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிச் செய்தாலும் விளக்கு எரியும்; எந்திரமும் ஓடும். பல நாள்கள் ஒரு குறையும் தெரியாது.

ஆனால் ஒரு நாள் அதில் பழுது ஏற்படும். அன்று மின்சாரம் தானாகவே நின்றுவிடுமா, அல்லது யாராவது தொடும்வரை காத்திருக்குமா? புதைவடம் போடுவதில் உள்ள முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு விடை காண, நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியே போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்பியின் நீளம் செய்யும் வேலை

மின்னோட்டம் ஒரு கம்பி வழியே போய், மற்றொரு கம்பி வழியே திரும்ப வேண்டும். எனவே 40 மீட்டர் தூரத்துக்கு 80 மீட்டர் கம்பி என்று கணக்கிட வேண்டும். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லி மீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 0.0172 ஓம். நீளம் கூடினால் மின்தடை கூடும். பரப்பு கூடினால் குறையும்.

வீடுகளில் பிளக்குகளுக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. கம்பியையே இங்கும் போட்டால்,

மின்தடை = 0.0172 × 80 ÷ 2.5 = 0.55 ஓம்.

இது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? கடைசல் எந்திரத்தின் மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் எடுக்கும். 11 × 0.55 = 6 வோல்ட்டு. 230 வோல்ட்டில் 6 வோல்ட்டு வழியிலேயே குறைந்துவிடுகிறது. இதைப் பெரிய குறை என்று சொல்ல முடியாது.

ஆனால் மோட்டார் புறப்படும் நொடியில் நிலைமை வேறு. நின்றிருக்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். 55 × 0.55 = 30 வோல்ட்டு. மோட்டாருக்குக் கிடைப்பது 200 வோல்ட்டுதான். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 200-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், சுமார் 0.76 வரும். அதாவது முறுக்குவிசையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது! மோட்டார் முனகும், புறப்படத் தாமதிக்கும், அதற்குள் அதன் சுருள் சூடேறும். பட்டறை விளக்கும் ஒரு கணம் மங்கும்.

இதே இடத்தில் 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி போட்டால் மின்தடை 0.23 ஓம். புறப்படும்போது குறைவது 13 வோல்ட்டு மட்டுமே. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. ஆகவே 6 சதுர மி.மீ. செம்பு செய்யும் வேலையை 10 சதுர மி.மீ. அலுமினியம் செய்யும். விலையைப் பார்த்துப் பெரும்பாலோர் அலுமினிய வடத்தையே வாங்குகிறார்கள்.

நல்லது, எந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. இனிப் பழுது ஏற்படும் நாளுக்கு வருவோம்.

இரண்டு வகைப் பழுதுகள்

வீட்டின் மின்பலகையில் 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று பட்டறைக்கென்று இருப்பதாகக் கொள்வோம். இது முன்காலத்து உருகிக் கம்பியின் வேலையைச் செய்யும் தானியங்கித் துண்டிப்பான். மின்னோட்டம் அளவுக்குச் சற்றே மிஞ்சினால், இதனுள் இருக்கும் ஈருலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். பல மடங்கு மிஞ்சினால், உள்ளே இருக்கும் மின்காந்தம் நொடியில் இழுத்துத் துண்டிக்கும்.

முதல் வகைப் பழுதில், பட்டறையில் ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. வடத்தின் மின்தடை 0.23 ஓம், தெருவிலிருந்து வரும் கம்பிகளுக்கும் மின்மாற்றிக்குமாக 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ÷ 0.73 = 315 ஆம்பியர். எம்.சி.பி. உடனே துண்டித்துவிடும். இங்கே கவலை இல்லை.

இரண்டாவது வகையில், கடைசல் எந்திரத்தின் உள்ளே ஃபேஸ் கம்பியின் காப்புறை தேய்ந்து, கம்பி இரும்பு உடலைத் தொடுகிறது. எந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஓர் அடையாளமும் இல்லை. ஆனால் அந்த இரும்பு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கிறது!

"அதற்குத்தானே எர்த் போடுகிறோம்? பட்டறை ஓரத்தில் ஒரு குழாயை அடித்து, எந்திரத்தின் உடலை அதனோடு இணைத்துவிட்டால் போதுமே" என்பீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மண்ணும் ஒரு கடத்திதான், ஆனால்...

மின்மாற்றியின் நியூட்ரல் முனை தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே எந்திரத்தின் உடலிலிருந்து கசியும் மின்னோட்டம் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியே மின்மாற்றிக்குத் திரும்பிப் போகும். மண் மின்சாரத்தைக் கடத்துமா? கடத்தும். இதை வரலாறும் காட்டியிருக்கிறது.

1882 செப்டம்பர் 4 அன்று எடிசன் நியூயார்க் நகரில் பேர்ல் தெரு மின்நிலையத்தை இயக்கி வைத்தார். அவர் மின்கம்பிகளைத் தெருவுக்கடியில், இரும்புக் குழாய்களுக்குள் காப்புப் பொருளை நிரப்பிக் கொண்டு சென்றார். ஓரிடத்தில் மின்சாரம் கசிந்து தெருவின் தரையில் பரவியது. அவ்வழியே வந்த குதிரைகள் துள்ளிக் குதித்தன. எடிசனே இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். குதிரையின் முன்காலும் பின்காலும் விலகி நிற்கின்றன. குளம்புகளில் இரும்பு லாடம். கசிவுள்ள தரையில் ஓர் இடத்துக்கும் சற்றுத் தள்ளியுள்ள இடத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடு குதிரையின் உடல் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தியது. மழைக்காலத்தில் மின்கசிவு உள்ள இடத்தை மிதிக்கும் மாடுகள் மனிதரைவிட எளிதில் பலியாவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே மண் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் அது செம்பு போன்ற நல்ல கடத்தியன்று. மண்ணில் அடித்த ஒரு குழாய்க்கும் சுற்றியுள்ள பூமிக்கும் இடையே 20 ஓம் இருப்பது வியப்பன்று. மின்மாற்றியின் தரையிணைப்புக்கு 2 ஓம் என்று கொள்வோம்.

மின்னோட்டம் = 230 ÷ 22 = 10.5 ஆம்பியர்.

எம்.சி.பி.யின் அளவு 20 ஆம்பியர். 10.5 ஆம்பியர் அதற்கு ஒரு சாதாரணச் சுமை! கடைசல் எந்திரம் எடுக்கும் அளவுதான். அது எத்தனை மணி நேரமானாலும் துண்டிக்காது. அப்போது எந்திரத்தின் உடலில் இருக்கும் மின்னழுத்தம் எவ்வளவு? 10.5 × 20 = 210 வோல்ட்டு. எர்த் போட்ட பிறகும், இரும்பைத் தொடுபவருக்கு 210 வோல்ட்டு!

மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 210 வோல்ட்டு 210 மில்லி ஆம்பியரை உடல் வழியே செலுத்தும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி, பிடித்த பொருளைக் கை விட முடியாமல் போகலாம். சில பத்து மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியே நீடித்தால் இதயத்தின் துடிப்பே சீர்குலைந்துவிடும். 210 என்பது எத்தகைய அளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சில வீடுகளில் கோடைக்காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குழியில் கரியும் உப்பும் இட்டிருப்பார்கள். ஈரமும் உப்பும் மண்ணின் மின்தடையைக் குறைக்கின்றன. நல்ல பழக்கம்தான். ஆயினும் 20 ஓம் பாதியாகி 10 ஓம் ஆனால்கூட, கசியும் மின்னோட்டம் 19 ஆம்பியர்தான். எம்.சி.பி. அப்போதும் துண்டிக்காது. ஆகவே நமக்கு வேறொரு காவலன் தேவை.

போனதும் வந்ததும் சமமா?

அந்தக் காவலனின் பெயர் ஆர்.சி.சி.பி. நாம் இதைக் கசிவுத் துண்டிப்பான் என்று அழைப்போம். எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று இது பார்ப்பதில்லை. போனது முழுவதும் திரும்பி வந்ததா என்றுதான் பார்க்கிறது.

இதனுள் ஒரு காந்த உலோக வளையம் உண்டு. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே அவ்வளையத்தின் வழியாகச் செல்கின்றன. ஒன்றில் மின்னோட்டம் போகிறது, மற்றதில் திரும்புகிறது. இரண்டும் சமமாக இருந்தால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பகுதி மண் வழியே கசிந்தால் சமநிலை கெடும். வளையத்தில் காந்தப்புலம் தோன்றும். அதில் சுற்றிய மெல்லிய சுருளில் மின்சாரம் தூண்டப்படும். அது விசையை விடுவித்து இணைப்பைத் துண்டிக்கும்.

வீடுகளுக்கு ஏற்ற கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் செயல்படுவது. இனி நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். எர்த் குழாயின் மின்தடை 20 ஓம்தான். ஆனால் கசிவு 0.03 ஆம்பியரைத் தொட்டதுமே இணைப்பு அறுந்துவிடும். 0.03 × 20 = 0.6 வோல்ட்டு! எந்திரத்தின் உடலில் 0.6 வோல்ட்டுக்குமேல் நிலைத்து நிற்கவே முடியாது. கெட்டுப்போன மின்கம்பி உடலைத் தொட்ட மறுகணமே, யாரும் கை வைப்பதற்கு முன்பே, மின்சாரம் நின்றுபோகும். எர்த்தும் கசிவுத் துண்டிப்பானும் கைகோத்து வேலை செய்வதால் வரும் பயன் இது. எர்த் இல்லாவிட்டால் கசிவுக்கு வழியில்லை. யாராவது தொட்டபின், அவர் உடல் வழியேதான் அது தொடங்கும்.

இதற்கும் வரம்பு உண்டு. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால், போனது அப்படியே திரும்பிவிடுவதால் இதற்கு ஒன்றும் தெரியாது. மிகுசுமையையும் இது அறியாது. அதனால்தான் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தத் தத்துவத்தை இரண்டு டார்ச் செல்களைக் கொண்டே காணலாம். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யக் கூடாது.

தீப்பெட்டியின் உள்தட்டில் ஒரு சிறு திசைகாட்டியை வையுங்கள். காப்புறையுள்ள மெல்லிய கம்பியைத் தட்டின்மேல் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு கம்பியை எதிர்த்திசையில் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுகள் திசைகாட்டி முள்ளுக்கு இணையாக இருக்கும்படி தட்டைத் திருப்பி வையுங்கள். செல்களின் ஒரு முனையிலிருந்து முதல் சுருள், பிறகு இழையுள்ள டார்ச் பல்பு, பிறகு இரண்டாம் சுருள், பிறகு செல்களின் மறுமுனை என்று இணையுங்கள். பல்பு எரியும், முள் ஏறக்குறைய அசையாது. அசைந்தால் இரண்டாம் சுருளின் முனைகளை மாற்றிப் பாருங்கள்.

இப்போது பல்புக்கும் இரண்டாம் சுருளுக்கும் இடையில் உள்ள இணைப்பிலிருந்து, இன்னொரு கம்பியால் செல்களின் மறுமுனையை நேரே தொடுங்கள். மின்னோட்டத்தின் ஒரு பகுதி இரண்டாம் சுருளுக்குள் போகாமல் குறுக்கு வழியில் திரும்புகிறது. முள் சட்டென்று திரும்பும். பல்போ முன்போலவே எரிந்துகொண்டிருக்கும்! கசிவு நேர்ந்ததைப் பல்பு அறியவில்லை, முள் அறிந்துவிட்டது.

பள்ளத்துக்குள் என்ன இருக்க வேண்டும்?

இனி வடத்தைப் புதைக்கலாம். வீட்டுச் சுவரில் குழாய்க்குள் போடும் சாதாரண ஒயர் இதற்கு உதவாது. கவசமிட்ட மூன்று கம்பி வடம் வேண்டும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்று கம்பிகளுக்கும் தனித்தனிக் காப்புறை. அவற்றைச் சேர்த்து ஓர் உறை. அதன்மேல் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளாலான கவசம். எல்லாவற்றுக்கும் மேல் பி.வி.சி. உறை.

கவசம் எதற்கு? பெருச்சாளியின் பல்லுக்கும் கூரிய கல்லுக்கும் தடையாக என்பது ஒரு விடை. இன்னொரு விடையும் உண்டு. கவசத்தையும் எர்த்தோடு இணைத்துவிடுகிறோம். நாளைக்கு ஒருவர் தெரியாமல் கடப்பாரையை இறக்கினால், அதன் முனை முதலில் கவசத்தைத் தொடும். பிறகுதான் ஃபேஸ் கம்பியைத் தொடும். தொட்ட கணத்தில் ஃபேஸிலிருந்து கவசத்துக்குக் கசிவு பாய்கிறது. கசிவுத் துண்டிப்பான் செயல்படுகிறது. இதற்காகத்தான் கசிவுத் துண்டிப்பானை வடம் புறப்படும் வீட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். பட்டறையில் மட்டும் வைத்தால், அதற்கு முன்னால் உள்ள 40 மீட்டர் வடத்தையும் அது காக்காது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1255 என்னும் நெறிமுறை, இத்தகைய தாழ்வழுத்த வடங்கள் 75 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர். செடி நட மண்வெட்டியால் கொத்துபவரின் வெட்டு அவ்வளவு ஆழம் போகாது. பள்ளத்தின் அடியில் சுமார் 8 செ.மீ. சலித்த மணல், அதன்மேல் வடம், அதன்மேல் மீண்டும் மணல். மணல் கற்களிலிருந்து வடத்தைக் காப்பதோடு, வடத்தின் சூட்டை எல்லாப் பக்கமும் சீராக வெளியேற்றவும் உதவுகிறது. மணலின்மேல் ஒரு வரிசைச் செங்கல் அடுக்குவார்கள். தோண்டுபவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் 'ணங்' என்று மோதும், அவர் நிறுத்திவிடுவார். செங்கல்லுக்கு மேல் எச்சரிக்கை எழுதிய பிளாஸ்டிக் நாடாவையும் விரிப்பது வழக்கம்.

வடத்தைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. வளைவின் ஆரம் வடத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்காவது இருக்க வேண்டும். மண்ணுக்குள் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாகப் போட வேண்டும். ஒட்டில்தான் ஈரம் முதலில் புகும். பட்டறையில், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே தனி எர்த் குழாய் அடித்தால் அதையும் வீட்டு எர்த்தோடு இணைத்துவிட வேண்டும். மூடுவதற்கு முன், சுவரிலிருந்து எத்தனை அடியில் வடம் போகிறது என்று ஒரு வரைபடம் எழுதி மின்பலகைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தோண்டுபவர் உங்களை வாழ்த்துவார்.

உங்கள் பங்கு

பள்ளத்தை அளப்பதும், கணக்குப் போடுவதும், வரைபடம் வரைவதும் நீங்கள் செய்யக்கூடியவை. இணைப்புக் கொடுப்பதும் சோதிப்பதும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அதில் நீங்கள் கை வைக்க வேண்டா. வீட்டு இணைப்பு இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார்.

ஒரு வேலையை மட்டும் நீங்கள் இன்றே செய்யலாம். உங்கள் வீட்டு மின்பலகையில் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் முகத்தில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கும். பெரியவர்களிடம் சொல்லி, மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழுந்தால் அதன் விசை வேலை செய்கிறது என்று பொருள். விழாவிட்டால் மின்பணியாளரை உடனே அழைக்கச் சொல்லுங்கள். கசிவுத் துண்டிப்பானே இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் போட்ட 10.5 ஆம்பியர் கணக்கை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு கணக்கு: வீட்டிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் உள்ள மாட்டுக்கொட்டகைக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி போடப்படுகிறது. அங்கே 8 ஆம்பியர் சுமை இருந்தால் வழியில் குறையும் மின்னழுத்தம் எவ்வளவு? (விடை: சுமார் 4 வோல்ட்டு.)